முளைக்காத விதை, சாயும் நாற்று, பெயர் தெரியாத செடி: காட்டு மர விதைகளில் பிழை கண்டுபிடிக்கும் வழி

கத்தரியும் தக்காளியும் விதைத்த வாரத்திலேயே ஒன்றாக எழும்பி வரும். பல தலைமுறையாக மனிதர் தேர்ந்தெடுத்து அவற்றை அப்படிப் பழக்கிவிட்டார்கள். கோயில்காட்டில் பொறுக்கிய விதைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரே மரத்தின் விதைகளில் ஒன்று பத்தாம் நாள் முளைக்கும், பக்கத்தில் கிடந்தது அடுத்த மழைக்குத்தான் கண் திறக்கும். மழை பொய்த்த ஆண்டில் எல்லாம் ஒரேயடியாக அழியாமல் இருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆகவே "முளைக்கவில்லை" என்ற ஒரே புகாருக்குப் பின்னால் ஐந்தாறு வேறுவேறு காரணங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் மருத்துவம் இன்னொன்றைக் கொன்றுவிடும்.

மரக்காணம், புதுச்சேரி, கடலூர் பக்கம் கடலோரமாக எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளையும் அவற்றை ஒட்டிய முட்காடுகளையும் மனதில் வைத்தே இந்தக் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது செம்மண் பொட்டலாகக் கிடந்த அந்த மேட்டில் இன்று நிற்கும் நாட்டு மரங்கள் பலவற்றுக்கும் சுற்றுவட்டாரக் கோயில்காடுகளே விதை கொடுத்தன. அந்தக் காடுகள் சிறியவை. ஒரு மரத்தடியில் கிடப்பதில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு காயும் எடுக்கக் கூடாது.

எதையும் செய்வதற்கு முன்: வெட்டிப் பாருங்கள்

தட்டில் ஒன்றும் வரவில்லை என்றால் தண்ணீரைக் கூட்டுவது, உரம் வைப்பது, வெயிலுக்கு மாற்றுவது எதையும் செய்யாதீர்கள். மண்ணைக் கிளறிப் பத்து விதையை எடுத்துக் கழுவி, கத்தியாலோ நகவெட்டியாலோ குறுக்கே வெட்டிப் பாருங்கள். பத்து விதை போகிறதே என்ற தயக்கம் வேண்டாம். மூன்று மாதம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுவதைவிட அது சிறிய இழப்பு.

உள்ளே பருப்பு வெளுப்பாக, இறுகலாக, விதை நிறைய இருந்து, மேல்தோல் காய்ந்த மாதிரியே இருந்தால் விதைக்கு உயிர் இருக்கிறது, தண்ணீர் உள்ளே போகவில்லை. பருப்பு ஊறிப் பருத்து, நல்ல நிறத்தில் இருந்தும் முளை இல்லை என்றால் அது உறங்குகிறது, காத்திருக்க வேண்டும். பழுப்பாக, கூழாக, புளித்த வாடையோடு இருந்தால் செத்துவிட்டது. ஓடு மட்டும் இருந்து உள்ளே வெறுமையாக இருந்தால் மரத்திலேயே பருப்புக் கட்டவில்லை. தூளும் ஒரு வட்டத் துளையும் இருந்தால் வண்டு.

வேம்பில் மட்டும் நிறம் வேறு. உயிருள்ள வேப்பம்பருப்பு இளம்பச்சையாக இருக்கும். மஞ்சளோ பழுப்போ ஆகிவிட்டால் அந்த மூட்டையை எண்ணெய்க்குக் கொடுத்துவிடலாம்.

உள்ளே நன்றாக இருக்கிறது, மேலே தண்ணீர் ஏறவில்லை

சரக்கொன்றை, உசிலை, புளி, கருவேல், குடைவேல், மஞ்சாடி, பூந்திக்கொட்டை ஆகியவை இந்தக் கூட்டம். பெரும்பாலும் அவரைக் குடும்பம். இவற்றின் மேல்தோலில் மெழுகுபோல் நீர்புகாத ஓர் அடுக்கு இருக்கிறது. காட்டில் வெயிலும், மண் உராய்வும், ஆடுமாட்டின் வயிறும் அதைத் தேய்க்கின்றன. ஆட்டுப்பட்டியில் கூட்டி எடுத்த கருவேல் விதை நன்றாக முளைப்பதற்கு இதுதான் காரணம். அப்படிக் கிடைத்தால் வேறு பக்குவம் தேவையில்லை, ஓர் இரவு ஊறவைத்தாலே போதும்.

நூறு விதைக்குக் குறைவாக இருந்தால் கையால் கீறுவதே நல்லது. விதையின் ஒரு முனையில் காம்பு ஒட்டியிருந்த தழும்பு இருக்கும். முளைவேர் அதன் அருகில்தான் இருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் ஒரு துணுக்கு எடுங்கள், அல்லது உப்புத்தாளில் தேயுங்கள். உள்ளே வெளுப்பு நிறம் கண்ணுக்குப் பட்டதும் நிறுத்திவிடுங்கள். பிறகு சாதாரண நீரில் ஓர் இரவு. காலையில் இரண்டு மூன்று மடங்கு பருத்திருந்தால் உடனே விதைக்கலாம்.

நிறைய விதை என்றால் வெந்நீர். நீரைக் கொதிக்கவிட்டு அடுப்பிலிருந்து இறக்கி, பத்து நிமிடம் ஆறவிட்டு, விதைமேல் ஊற்றுங்கள். ஒரு டம்ளர் விதைக்குப் பத்து டம்ளர் நீர். அப்படியே மறுநாள் காலைவரை விட்டுவிடுங்கள். பருத்தவற்றைச் சல்லடையில் பிரித்து விதைத்துவிட்டு, பருக்காதவற்றை மறுபடி வெந்நீரில் போடாமல் கையால் கீறுங்கள். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிடுவதும், கீறிய விதைக்கு வெந்நீர் ஊற்றுவதும் விதையை அவித்துவிடும். ஆய்வகங்களில் அடர் கந்தக அமிலம் பயன்படுத்துவதைப் படித்துவிட்டுச் சிலர் பேட்டரி அமிலத்தில் இறங்குகிறார்கள். அது நீர்த்த அமிலம், தோலை ஒழுங்காகத் தேய்க்காது. கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து மட்டும் மிச்சம். வீட்டு நாற்றங்காலுக்கு வேண்டவே வேண்டாம்.

குன்றிமணியும் இதே கூட்டம்தான், ஆனால் கீறுமுன் நிதானியுங்கள். அதன் பருப்பில் உள்ள அப்ரின் மிகக் கொடிய நஞ்சு. முழு விதையின் கெட்டித் தோல் அந்த நஞ்சை அடைத்து வைத்திருக்கிறது. கீறுவதோடு அந்தக் காவல் போய்விடுகிறது. உப்புத்தாளில் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். கையுறை போட்டு நகவெட்டியால் ஒவ்வொன்றாக வெட்டி, குழந்தைகள் கைபடாத இடத்தில் ஊறவைத்து, துணுக்குகளைக் குழியில் புதையுங்கள். விதையே வேண்டாம் என்றால் தண்டிலிருந்து வளர்த்த கன்றுகளைத் தேடுவதே பாதுகாப்பு.

கடுக்காய், தான்றி, புன்னை, மகிழம் போன்றவற்றில் பருப்பைச் சுற்றி மரக்கட்டைபோல் ஓடு இருக்கும். வெந்நீருக்கு அது அசையாது. கடுக்காய்க் கொட்டையின் அகன்ற முனையைப் பருப்பில் படாமல் வெட்டி, குளிர்ந்த நீரில் 36 மணி நேரம் ஊறவையுங்கள். புன்னைக்கு ஓட்டை மெதுவாகத் தட்டிப் பருப்பை முழுதாக எடுத்தால் மூன்று வாரத்தில் முளைக்கும்; ஓட்டோடு புதைத்தால் இரண்டு மாதம் ஆகும். பருப்பு உடைந்தால் அழுகும் என்பதால், கை பழகும்வரை ஓட்டில் விரிசல் விட்டதோடு நிறுத்துவது நல்லது.

உள்ளே பழுப்பு, கூழ்: விதை செத்துவிட்டது

மேலே சொன்ன கூட்டத்துக்கு நேர் எதிர் இது. நாவல், இலுப்பை, வேம்பு ஆகியவை காயவைத்துச் சேமிக்கும் விதைகள் அல்ல. நாவல் விதை ஈரம் இழந்தால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். இலுப்பைக்குச் சில வாரங்கள். வேம்பு கொஞ்சம் தாங்கும். நிழலில் உலர்த்தி, காற்றுப்புகும் சாக்குப்பையில் வைத்தால் ஒரு மாதம் நம்பலாம், அதற்குமேல் நாளுக்கு நாள் குறையும். ஆனி, ஆடியில் பொறுக்கிப் புரட்டாசி மழைக்கு எடுத்து வைப்போம் என்று நினைப்பவர்கள் இந்த மூன்றையும் இழப்பார்கள்.

செய்ய வேண்டியது: பழம் பொறுக்கிய அன்றே அல்லது மறுநாள் சதையைப் பிசைந்து கழுவுங்கள். வெயிலில் காட்டாதீர்கள். நாவலையும் இலுப்பையையும் கழுவிய கையோடு விதையுங்கள். வெகுதூரம் கொண்டுபோக வேண்டுமென்றால் ஈரமான தென்னை நார்க்கழிவில் புரட்டித் துணிப்பையில் வையுங்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் கவரில் கட்டினால் மூச்சு முட்டிப் புளித்துவிடும். இவற்றுக்கு வெந்நீர் ஒருபோதும் கூடாது. குளிர்பெட்டியும் வேண்டாம், வெப்பநாட்டு ஈர விதைகளில் பல அந்தக் குளிரிலேயே சாகின்றன.

புதிதாக எடுத்த விதையே கூழாகிறது என்றால் சந்தேகம் சதைமேல். பழச்சதை ஒட்டியபடி விதைத்தால் பூஞ்சை முதலில் சதையைத் தின்று, பிறகு விதைக்குள் போகும். பல பழங்களின் சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன. கரடுமுரடான சாக்கில் போட்டு மணலோடு தேய்த்துக் கழுவினால் வழுவழுப்புப் போய்விடும். அடுத்த சந்தேகம் வடிகால். தட்டின் அடியில் துளை இருந்தும் தட்டை சிமெண்டுத் தரையில் அப்பி வைத்தால் நீர் இறங்காது. இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

ஓடு மட்டும், உள்ளே ஒன்றுமில்லை

வேங்கை, மருது, தேக்கு, தான்றி இவற்றில் வெற்றுக்காய் நிறைய வரும். மகரந்தச் சேர்க்கை குறைந்த, தனியாக நிற்கும் மரத்தில் இன்னும் அதிகம். இதற்கு நாற்றங்காலில் மருந்தில்லை. பொறுக்கும் இடத்திலேயே பத்துக் காயை வெட்டிப் பார்த்து, பாதிக்குமேல் வெறுமை என்றால் வேறு மரத்துக்குப் போங்கள். மரங்கள் சேர்ந்து நிற்கும் இடத்தில், ஐந்தாறு மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நாளைய தோப்புக்கும் நல்லது.

நீரில் மிதப்பதெல்லாம் பொக்கு என்பதை எல்லா விதைக்கும் நம்பாதீர்கள். கொன்றை, புளி, வேல வகைகளுக்கு அது பொருந்தும். இறக்கை உள்ள வேங்கையும், பஞ்சு உள்ள வெப்பாலையும், ஓட்டுக்குள் காற்று அடைத்த புன்னையும் நல்ல விதையாக இருந்தாலும் மிதக்கும். புன்னை கடலில் மிதந்தே கரைக்குக் கரை பரவுகிற மரம்.

வட்டத் துளை, வெள்ளைத் தூள்

வன்னி, வேல், உசிலைக் காய்களில் இது சாதாரணம். பயற்றங்காயைத் துளைக்கும் வண்டின் உறவினம். காய் மரத்தில் இருக்கும்போதே முட்டை வைத்துவிடும். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும்போது விதையில் துளை தெரியாது, புழு உள்ளே இருக்கும். ஒரு மாதம் கழித்து டப்பாவைத் திறந்தால் வண்டுகள்தான் இருக்கும். ஆகவே காய் பழுத்து விழத் தொடங்கியதுமே பறித்து, அன்றே உரித்து, மிதப்பதை நீக்கி, நன்றாகக் காயவைத்து, பிறகு ஒரு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். நீர்புகாத்தோல் உள்ள, முற்றிலும் உலர்ந்த விதைக்கு மட்டுமே இந்த உறைபனி. மேலே சொன்ன நாவல், இலுப்பை, வேம்பு போன்ற ஈர விதைகளை இதில் வைத்தால் அன்றோடு சரி.

துளை விழுந்த விதையெல்லாம் குப்பையல்ல. வண்டு முளைக்கருவைத் தொடாமல் ஓரத்தை மட்டும் தின்றிருந்தால் அந்தத் துளை வழியாகவே நீர் ஏறி முளைப்பதுண்டு. ஆனால் நாற்று மெலிந்து வரும். அரிதான மரம் என்றால் முயலுங்கள்.

ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கீழே நடக்கிறது

பனங்கொட்டையைப் புதைத்தவர்கள் ஆறாம் மாதம் கைவிடுவது வழக்கம். பனையில் முளை முதலில் கீழ்நோக்கிப் போகிறது. கிழங்கு மண்ணுக்குள் இறங்கி முற்றிய பிறகே முதல் ஓலை மேலே வரும். மேலே ஓலை தெரிய ஒன்பது மாதம், ஓராண்டு ஆகலாம். சந்தேகமிருந்தால் ஓரத்துக் கொட்டை ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். இதே காரணத்தால் பனையைப் பையில் போடக் கூடாது. பையின் அடியில் கிழங்கு முட்டி வளைந்துவிடும். நிற்கப்போகும் இடத்திலேயே, ஒரு சாண் ஆழத்துக்குக் குறைவாக, இடத்துக்கு இரண்டு கொட்டையாக ஊன்றுங்கள்.

சந்தனத்துக்கு உறக்கம் உண்டு. பழுத்த கருநீலப் பழத்தின் சதையை நீக்கி நிழலில் உலர்த்திய விதை இரண்டு மாதம்வரை பேசாமல் இருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வரும். அவசரம் என்றால் ஜிப்பரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி, லிட்டருக்கு 500 மில்லிகிராம், ஓர் இரவு ஊறல். அது பச்சைத் தண்ணீரில் சரியாகக் கரையாது. சில சொட்டு ஆல்கஹாலில் கரைத்து நீரில் சேருங்கள். அளவைக் கூட்டினால் நாற்று நெடுநெடுவென்று நீண்டு, நிற்க வலுவில்லாமல் சாயும்.

செங்காந்தள் விதை இன்னும் பொறுமை கேட்கும். மாதக்கணக்கில் ஒன்றிரண்டாக முளைக்கும். முதலாண்டு ஓர் இலை, ஒரு சின்னக் கிழங்கு, அவ்வளவுதான். இலை காய்ந்து மறைந்தால் செத்ததாக எண்ணித் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், கிழங்கு உறங்குகிறது. பூக்க மூன்று நான்கு ஆண்டுகள். விதை, கிழங்கு இரண்டிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருப்பதால், தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

உலக்கைப்பாலை விதை கறுத்து மின்னும், கெட்டித் தோல், முளைப்பு மந்தம், வளர்ச்சி அதைவிட மந்தம். சப்போட்டாவுக்கு ஒட்டுவேராக இதன் நாற்றைத்தான் வளர்க்கிறார்கள். அவர்களே ஒட்டுக்கட்டும் தடிமன் வர இரண்டாண்டுக்குமேல் காத்திருப்பதுண்டு. முதலாண்டில் ஒரு சாண் வந்தால் அது நோயல்ல.

ஆல், அரசு, அத்தி: தூவினேன், காணவில்லை

புதைத்துவிட்டீர்கள். இந்த விதைகள் எள்ளைவிடச் சிறியவை, மேலே ஒளி பட்டால்தான் முளைக்கும். நன்றாகப் பழுத்த பழங்களை நீரில் பிசைந்து அலசுங்கள். மிதப்பதை ஊற்றிவிட்டு அடியில் படிவதை மெல்லிய துணியில் வடித்து, நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். தட்டில் பாதிக்கு மண், அதன்மேல் இரண்டு விரற்கடை செங்கல் ஜல்லியும் செங்கல் தூளும். விதையை நயம் மணலோடு கலந்து தூவுங்கள், மேலே எதையும் மூடாதீர்கள். பூவாளியால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போகும்; தட்டை ஒரு தாம்பாளத்து நீரில் நிறுத்தி அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள். எறும்பு ஒரே இரவில் அத்தனையையும் எடுத்துப் போய்விடும், தாம்பாளத்து நீர் அதற்கும் அரண். இரண்டு வாரத்துக்குமேல் பச்சைப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். நான்கு இலை வந்தபின் குச்சியால் நெம்பி மாற்றலாம்.

ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் தனித்தனிக் குளவி உண்டு. பூங்காவில் நட்ட வெளிநாட்டு அத்தி வகைகளுக்கு அதன் குளவி இங்கே இல்லாவிட்டால் பழம் வரும், உயிர்விதை வராது. நாட்டு ஆலுக்கும் அரசுக்கும் அந்தக் கவலை இல்லை.

முளைத்து நின்றது, காலையில் மடிந்து கிடக்கிறது

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்க்கோத்துச் சுருங்கி நூலாகியிருந்தால் நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகளும் பூஞ்சைபோன்ற நுண்ணுயிர்களும் மண்ணில் எப்போதும் இருப்பவை. ஈரமும் நெருக்கமும் சேர்ந்தால் தலைதூக்கும். மடிந்ததையும் அதைச் சுற்றி நான்கு விரல் அகல மண்ணையும் அள்ளி எறியுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்துங்கள். நிழல்வலை இரட்டையாக இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஐம்பது சதவீத வலை ஒன்றே போதும். இனிமேல் காலையில் மட்டும் நீர், மாலையில் வேண்டாம். அடுத்த தட்டுக்குத் தொழுஉரம் கலக்காமல் கழுவிய மணலில் மட்டும் விதையுங்கள். முளைக்கும் விதைக்குச் சோறு அதனுள்ளேயே இருக்கிறது. எம்-சாண்ட் பயன்படுத்துவோர் அதிலுள்ள மாவுத் தூளைக் கழுவி நீக்காவிட்டால் காரைபோல் இறுகிவிடும்.

தண்டு வெட்டுப்பட்டதுபோல் இருந்தால் வெட்டுப்புழு அல்லது வெட்டுக்கிளி. இரவில் டார்ச்சோடு பாருங்கள். வெள்ளிக்கோடுபோல் பிசின் தடம் இருந்தால் நத்தை.

வித்திலையின் தலையில் விதைத்தோல் தொப்பியாக மாட்டிக்கொண்டு விரியாமல் நின்றால், ஆழம் போதாமல் விதைத்ததும் மேல்மண் காய்ந்ததும் காரணம். இழுத்துப் பிய்க்காதீர்கள், குருத்தோடு வந்துவிடும். மாலையில் ஒரு துளி நீர் வைத்து ஈரத்துணியால் மூடி, காலையில் விரலால் மெல்ல உருட்டினால் கழன்றுவிடும். விதையின் தடிமனைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் என்பது ஆல் வகையைத் தவிர மற்றதற்குப் பொருந்தும் கணக்கு.

நாவலில் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று தண்டு வந்தால் பிழை எதுவும் இல்லை. அந்த விதையில் பல முளைக்கருக்கள் உண்டு. வலுவான ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளாகிறது

முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலைகள் ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு. பெரும்பாலும் மக்காத எருவோ மரத்தூளோ கலந்ததால் வருவது. மேலே புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு மண் உள்ள இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றும் நாற்றங்கால்களில் அடிக்கடி காணலாம். மழைநீருக்கு மாறுவதே நிலையான தீர்வு. இலை முழுக்கத் தொங்கி மஞ்சளானால் வேர் அழுகல். பையைக் கிழித்து வேரை முகர்ந்து பாருங்கள்.

சந்தன நாற்று மட்டும் தனிக்கதை. முளைத்துச் சில மாதம் விதைச்சோற்றில் நன்றாக வரும், பிறகு வெளுத்து நின்றுவிடும். அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உறிஞ்சும் வகை. துணை இல்லாவிட்டால் உரம் எவ்வளவு வைத்தாலும் தேறாது. ஆறெட்டு இலை வந்ததும் அதே பையின் ஓரத்தில் இரண்டு துவரை ஊன்றி, துவரை மேலே போய் நிழல் கட்டாமல் அவ்வப்போது நுனி கிள்ளிவிடுங்கள். நிலத்தில் நடும்போது சவுக்கு, புங்கம், வேம்பு போன்ற நிலைத்த துணை அருகில் வேண்டும்.

முளைத்தது என்ன செடி?

இதுதான் அதிகம் கெடுக்கும் பிழை, ஏனென்றால் மூன்றாண்டு கழித்தே தெரியவரும். தட்டில் வந்தது நீங்கள் விதைத்ததுதானா என்பதை அறிய, அதே மண்கலவையில் ஒன்றும் விதைக்காத தட்டு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அதில் வருவதெல்லாம் எருவில் வந்த களை: குப்பைமேனி, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம். விதையைக் கோடுபிடித்து வரிசையாக ஊன்றினால் வரிசைக்கு வெளியே வருவது வேற்றாள் என்று உடனே தெரியும்.

முதல் இலையை வளர்ந்த மரத்தின் இலையோடு ஒப்பிடாதீர்கள். வேம்பின் முதல் இலைகள் எதிரெதிராக, மூன்று சிற்றிலையோடு, ஆழமாகப் பிளவுபட்டு வரும். வேல வகைகளில் முதல் இலை ஒற்றைச் சிறகாகவும் பிறகு வருபவை இரட்டைச் சிறகாகவும் இருக்கும். ஆத்திக்குத் தொடக்கத்திலிருந்தே மாட்டுக்குளம்புபோல் பிளந்த இலை.

நாற்றில் பிரிக்க முடியாத இணைகள் உண்டு. அவற்றைக் காயிலேயே பிரித்துவிட வேண்டும். எட்டியும் தேற்றானும் ஒரே பேரினம். இரண்டுக்கும் எதிரெதிர் இலை, அடியிலிருந்தே கிளம்பும் மூன்று முதல் ஐந்து நரம்பு. எட்டிப்பழம் ஆரஞ்சு நிறத்தில் சிறு நாரத்தை அளவு, உள்ளே நாணயம்போல் தட்டையான, பட்டு மயிர் படர்ந்த விதைகள் பல. தேற்றான் பழம் கறுத்துச் சிறியது, உருண்டை விதை பெரும்பாலும் ஒன்று. கலங்கல் நீரைத் தெளிய வைப்பது தேற்றாங்கொட்டை. எட்டி உயிரெடுக்கும் நஞ்சு. இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேசையில் உரிக்காதீர்கள்.

வெப்பாலையும் குடசப்பாலையும் இரட்டைக் காய், பஞ்சு விதை. வெப்பாலையில் இரண்டு காயும் நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கும், விதையின் பஞ்சு காயின் காம்புப் பக்கம் நோக்கியிருக்கும். குடசப்பாலையில் காய்கள் நுனியில் பிரிந்தே இருக்கும், பஞ்சு காயின் நுனிப் பக்கம். காய் வெடித்துப் பறந்தபின் இதைச் சொல்ல முடியாது. முற்றியதும் துணிப்பையைக் காயில் கட்டிவிடுங்கள்.

வன்னி என்று சீமைக்கருவேலை வளர்ப்பது மிகவும் கொடுமை. வன்னிக்கு முள் கணுக்களுக்கு இடையே தண்டில் ஆங்காங்கே ஒற்றையாக இருக்கும், காய் மெலிந்து உருளையாக, விதை இருக்கும் இடத்தில் புடைத்திருக்கும். சீமைக்கருவேலுக்கு முள் கணுவில், பெரும்பாலும் இணையாக. காய் தடித்து மஞ்சளாக இனிக்கும். சந்தேகம் தீரும்வரை ஒரு நாற்றையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் காவல், பொறுக்கும் அன்றைய குறிப்பு. இலையின் இரு பக்கமும், பட்டையும், காயும் படமெடுங்கள். இலை, பூ, காய் உள்ள ஒரு சிறு கிளையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி, முதல் வாரம் தாளை அன்றாடம் மாற்றுங்கள். ஐந்து விதையை விதைக்காமல் அதோடு ஒரு உறையில் போடுங்கள். ஊர், நாள், மண், மரத்தின் உயரம், அந்த ஊரார் சொல்லும் பெயர் எல்லாம் எழுதுங்கள். கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகம் போன்ற இடத்தில் காட்டிக் கேட்கவும் இந்த மாதிரி இருந்தால்தான் முடியும். தட்டில் குத்தும் அடையாளத்தைப் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை நம் வெயிலில் ஒரு பருவம்கூடத் தாங்காது.

பையில் நன்றாக இருந்தது, நட்டதும் வாடுகிறது

பையை நகர்த்தாமல் விட்டிருப்பீர்கள். ஆணிவேர் அடியைத் துளைத்துத் தரைக்குள் போயிருக்கும், தூக்கும்போது அறுந்திருக்கும். மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றுங்கள். நடும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே கடைசி முறை மாற்றி, நிழலிலேயே தேறவிட்டு, பிறகு முழு வெயிலுக்குக் கொண்டுவந்து தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். பையைக் கிழித்ததும் வேர் அடியில் சுருண்டு வட்டம் போட்டிருந்தால் அந்தச் சுருளைக் கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள். அப்படியே நட்டால் ஐந்தாம் ஆண்டுக் காற்றில் மரம் சாயும்.

வில்வம், காட்டு எலுமிச்சை, கொன்றை நாற்றுகளில் இலையைப் புழு தின்றால் மருந்தடிக்காதீர்கள். பறவை எச்சம்போலிருந்து பிறகு பச்சையாகும் புழு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியுடையது. நாற்று சிறியதாக இருந்தால் புழுவை எடுத்து வளர்ந்த செடியில் விடுங்கள். முழங்கால் உயரம் தாண்டிய நாற்று தின்னக் கொடுத்தும் மறுபடி துளிர்க்கும்.

நடவுக்கு நாள், ஐப்பசி மழை மண்ணில் ஒரு முழம் இறங்கிய பிறகு. ஆடித் தூறலை நம்பி நட்டால் ஆவணி வெயிலில் ஊற்றத் தண்ணீருக்கு அலைய வேண்டிவரும். கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழையே நாற்றை அடுத்த கோடைவரை கொண்டுபோகும். பை மண் உடையாமல், பையில் இருந்த அதே ஆழத்தில் நட்டு, குழியைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்கு இலைச்சருகு போடுங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் கறையான் சருகோடு தண்டையும் பிடிக்கும்.